கதிரையிலிருந்து விழுந்தவருக்கு ஒருவரும் சொல்லவில்லை

சின்னவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஐரோப்பாவின் சர்வாதிகாரி ஒருவரைப் பற்றிப் படித்து எழுதச் சொன்னார்களாம். வகுப்பில் முக்கால்வாசிப் பேரும் அந்தச் சின்ன மீசைக்காரரை எடுத்துவிட்டார்கள் என்று குறைப்பட்டாள். போர்த்துக்கலில் ஒருவர் இருந்தார், அவரை எடு என்று நான் சமையலறையிலிருந்து சொன்னேன். அவள் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட அப்பாவுக்குப் போர்த்துக்கலைப் பற்றி என்ன தெரியும் என்ற பார்வை. எப்படித் தெரியும் என்று கேட்டாள். வேலைக்கு நேரமாகிவிட்டது, பிறகு சொல்கிறேன் என்று இறங்கிவிட்டேன்.

வாயால் சொன்னால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். மூன்று பேரும் வாசியுங்கள். விளங்காத தமிழ் இருந்தால் அம்மாவைக் கேளுங்கள்.

அம்மாவும் நீங்களும் கனடாவுக்கு வருவதற்கு முன், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு உயரமான கட்டடத்தில் இருந்தேன். ஒரு படுக்கையறை வீட்டில் மூன்று ஆண்கள். மூத்தவரை நாங்கள் பெரியண்ணை என்று கூப்பிட்டோம். ஐம்பது வயதிருக்கும்; வாடகை கட்டுவது, சமையல் முறை வைப்பது எல்லாம் அவர். மற்றவன் என்னைவிடப் பத்து வயது இளையவன். நான் அவனைத் தம்பி என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

மூன்று பேர் ஒரு வீட்டில் என்றால் கலகலப்பாக இருந்திருக்கும் என்று நினைப்பீர்கள். அப்படியில்லை. மூன்று பேருக்கும் மூன்று சிப்ட். நான் வரும்போது ஒருவர் போயிருப்பார், மற்றவர் போர்வைக்குள் கிடப்பார். சோற்றுப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தால்தான் யார் சாப்பிட்டது, யார் சாப்பிடவில்லை என்று தெரியும். சில நாட்களில் காலையிலிருந்து மாலைவரை ஒருவரோடும் கதைத்திருக்க மாட்டேன். லிப்டில் எல்லோரும் மேலே எரிகிற இலக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நானும் பார்த்துப் பழகினேன். ஒருநாள் கடையில் பால் வாங்கும்போது காசாளர் ஏதோ கேட்டாள். ஓம் என்று சொல்ல வாயைத் திறந்தால் குரல் கரகரத்து வந்தது. அன்று நான் கதைத்த முதல் வார்த்தை அதுதான், அப்போது பின்னேரமாகிவிட்டது.

வார நாட்களில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். சனி, ஞாயிறில் நகரத்து அலுவலகங்களில் நிலத்துக்கு வக்ஸ் என்கிற மெழுகு பூசும் வேலை. பழைய வக்ஸைச் சுரண்டி எடுத்து, கழுவி, காயவிட்டு, புது வக்ஸை மெல்லிசாகப் பூச வேண்டும். அது காய்ந்த பிறகுதான் அடுத்த பூச்சு. இடையில் கால் வைத்தால் தடம் விழுந்துவிடும், முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். அதனால் உள் மூலையில் தொடங்கிப் பின்பக்கமாகவே நடந்து வாசலுக்கு வர வேண்டும். முதல் சனிக்கிழமை எனக்கு அது தெரியாது. வாசலில் தொடங்கி உள்ளே போனேன். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், நான் யன்னலடியில் நிற்கிறேன், வாசல் அந்தப் பக்கம், நடுவில் கண்ணாடி மாதிரி ஈர நிலம்.

என்னோடு வேலை செய்தவர் ஒரு போர்த்துக்கீசர். ஐம்பதுக்குக் கிட்ட வயது, குட்டை, கை மட்டும் பெரிய ஆளின் கை. வந்து பார்த்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு வாளியைக் கவிழ்த்து வாசலில் போட்டு, அதில் குந்தி, சாப்பாட்டுப் பொட்டலத்தை அவிழ்த்தார். தான் சாப்பிட்டு முடிய வக்ஸ் காய்ந்துவிடும், அதுவரை அங்கேயே நில் என்றார். அப்படித்தான் எங்களுடைய முதல் கதை தொடங்கியது, நிலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக.

இரண்டு பேருக்கும் ஆங்கிலம் அரைகுறை. ஆனால் அவர் யன்னலைக் காட்டித் தங்கள் மொழியில் சொன்ன சொல் ஏறக்குறைய எங்களுடைய யன்னல்தான். மேசையும் அப்படி. சாவி, சப்பாத்து, அலுமாரி, கதிரை, பாண் என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல அவர் வாளியிலிருந்து எழும்பிவிட்டார். இதெல்லாம் எங்கே பொறுக்கினாய் என்று கேட்டார். உங்களுடைய ஆட்கள் எங்களுடைய ஊரை ஆண்டபோது விட்டுவிட்டுப் போனவை என்றேன். கோயில்களை இடித்ததையும் சொன்னேன்.

அவர் யோசித்துவிட்டு, "அந்தக் கிழமை எனக்கு லீவு. நான் வேலைக்கு வரேல்லை" என்றார்.

கனடாவுக்கு வந்தபின் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். பிறகு ஒவ்வொரு சனி, ஞாயிறும் வக்ஸ் காயும் நேரமெல்லாம் எங்களுக்குக் கதை. கிழமையில் ஐந்து நாளும் நான் அந்த இரண்டு நாளுக்காகக் காத்திருந்தேன்.

அவர் ஏன் ஊரை விட்டார் என்று ஒருநாள் கேட்டேன். சண்டையால்தான் என்றார். ஆனால் சண்டை நடந்தது அவருடைய ஊரில் இல்லை, ஆபிரிக்காவில். போர்த்துக்கல் அங்கே நாடுகளைப் பிடித்து வைத்திருந்தது. அந்த நாட்டுச் சனங்கள் போ என்றார்கள். போர்த்துக்கலை ஆண்டவர் போகமாட்டேன் என்றார். அந்த நாடுகளில் ஒன்றையாவது அவர் போய்க் கண்ணால் கண்டதில்லையாம். ஆனால் ஊர் ஊராகப் பொடியன்களைப் படையில் சேர்த்து அனுப்பினார். இவருடைய தெருவில் இரண்டு பேர் பெட்டியில் திரும்பி வந்தார்கள். மூன்றாவது தானாக இருக்கக்கூடாது என்று இவர் இருபது வயதில் மலையால் நடந்து ஸ்பெயினுக்குள் இறங்கி, பிரான்சுக்குப் போய், பிறகு இங்கே வந்தார். கூட்டிப்போனவன் இவருடைய படம் ஒன்றை இரண்டாகக் கிழித்தானாம். ஒரு பாதி தாயிடம் இருக்கும், மறுபாதி இவருடைய சட்டைப்பையில். பிரான்சில் இறங்கியதும் இவர் தன் பாதியைத் தாய்க்கு அனுப்ப வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டான், இனிக் கூலி கொடுக்கலாம் என்று அர்த்தம். எங்களைக் காசுக்கு வெளிநாட்டுக்குக் கடத்துகிற ஏஜென்சிக்காரருக்கு இந்த மூளை வரவில்லையே என்றேன்.

அந்த ஆட்சியாளரின் கதையையும் அவர்தான் சொன்னார். பிறகு நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து அகராதியை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தேன், பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருந்தார். அந்த ஆள் பிறந்தது ஒரு சின்ன ஊரில். தகப்பன் பெரிய இடத்துக் காணிகளைப் பார்த்துக்கொண்டவர். நான்கு அக்காமாருக்குப் பிறகு ஒரே ஆண்பிள்ளை, தாய்க்குச் செல்லம். பாதிரியாராக்கப் படிக்க அனுப்பினார்கள். அவர் சட்டம் படித்து, பொருளாதாரம் படிப்பிக்கிற பேராசிரியர் ஆனார். நாடு கடனில் மூழ்கிக் கிடந்தபோது, அதிகாரத்தைப் பிடித்து வைத்திருந்த படைக்காரர் அவரைக் கூப்பிட்டு நிதியமைச்சர் ஆக்கினார்கள். கணக்கைச் சரிக்கட்டினார். பிறகு பிரதமர் ஆனார். ஏறியவர் முப்பத்தாறு வருடம் இறங்கவில்லை.

சர்வாதிகாரி என்றால் மேடையில் நின்று கத்துவார், மார்பு நிறையப் பதக்கம் குத்துவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர் அப்படியில்லை. மெல்லிய குரல். கலியாணம் கட்டவில்லை. தனக்கென்று பெரிதாகச் சொத்துச் சேர்க்கவில்லை. குளிர் காலத்தில் காலைப் போர்வையால் சுற்றிக்கொண்டு வேலை செய்வாராம். வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண் பிரதமரின் வளவுக்குள் கோழி வளர்த்தாளாம். கேட்கும்போது நல்ல மனிதர் போலத்தானே இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன்.

போர்த்துக்கீசர் சாப்பாட்டை மூடி வைத்தார். தன் தகப்பன் வானொலியில் வெளிநாட்டுச் செய்தி கேட்கும்போது வீட்டுக்காரர் எல்லோரும் யன்னலைச் சாத்துவார்கள் என்றார். தேநீர்க் கடையில் பக்கத்துக் கதிரையில் தெரியாத ஒருவர் வந்து இருந்தால் கதை நின்றுவிடும். இரகசியப் பொலிசுக்கு ஊரெல்லாம் காது. பிடித்தால் நாட்கணக்காக நித்திரை கொள்ள விடாமல் நிற்க வைப்பார்கள். பத்திரிகையில் எது வரலாம், எது வரக்கூடாது என்று நீலப் பென்சிலால் வெட்ட ஆட்கள் இருந்தார்கள். சண்டையில் எத்தனை பேர் செத்தார்கள், எந்த ஊரில் பட்டினி, யார் தற்கொலை செய்தார்கள், ஒன்றும் வராது. ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

"அவன் அடிச்சதைவிட, எங்களுக்குச் சொல்லாமல் விட்டதுதான் கூட" என்றார். "கேட்டால், சனம் தாங்காதாம். எங்கட நன்மைக்குத்தானாம்."

அப்போது அதை நான் வேறு நாட்டுக் கதையாகத்தான் கேட்டேன்.

அதற்குப் பிறகு வந்த கிழமையில் ஒரு பகல், வீட்டில் நான் மட்டும் இருந்தபோது ரெலிபோன் அடித்தது. கொழும்பிலிருந்து தம்பியின் அத்தான், அக்காவின் புருஷன். அந்தக் காலத்தில் எங்களுடைய ஊர்களில் ரெலிபோன் இல்லை. சண்டையால் மூடிக் கிடந்த பாதை திறந்தால் யாராவது கொழும்புக்கு வந்துதான் கதைப்பார்கள். தம்பி நிற்கிறானா என்று கேட்டார். வேலைக்குப் போய்விட்டான் என்றேன்.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றார். "அண்ணை, மாமி போன கிழமை வெள்ளி மோசம் போட்டா. நெஞ்சு நோ எண்டவ, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முந்தி முடிஞ்சுது. நான்தான் கொள்ளி வைச்சனான். அவனுக்கு இப்ப சொல்லிப்போடாதேங்கோ. கேஸ் முடியட்டும்."

அவருக்கு மாமி என்றால் தம்பியின் தாய். நான் ஏதும் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

கேஸ் என்றால், அவனை அகதியாக ஏற்றுக்கொள்வதா என்று முடிவெடுக்கிற விசாரணை. அதற்குத் திகதி கிட்டியிருந்தது. அதில் தடுமாறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். மறுபக்கம், தம்பி அந்தத் தாய்க்கு ஒரே ஆண்பிள்ளை. கொள்ளி வைக்கக் கொடுத்து வைக்கவில்லை. முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிதான் அவனுக்கு மிச்சம். தலையை மழித்து, நீரில் இறங்கி, தாயை வழியனுப்புகிற கிரியை. அது எங்கிருந்தும் செய்யலாம், தெரிந்தால். செய்தி வந்து சேரும்போதே பல நாட்கள் போயிருந்தன. அந்த நாளும் போய்விட்டால் அவன் வாழ்நாள் முழுவதும் அதைச் செய்யாத மகன்.

பெரியண்ணை வந்ததும் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார். பிறகு சொல்லக்கூடாது என்றார். எங்களுடைய சனத்திடம் இது புதிதில்லை. வெளிநாட்டில் இருப்பவனுக்குச் சாவைச் சொல்லாமல் வைப்பார்கள். பரீட்சை முடியட்டும், காய்ச்சல் மாறட்டும், கேஸ் முடியட்டும் என்று. அன்பினால்தான் செய்வார்கள். பெரியண்ணைக்கு வேறு காரணமும் இருந்தது. முன்பு அவரோடு இருந்த ஒருவன், தமையனின் சாவைக் கேட்டு, கேஸையும் விட்டு, வேலையையும் விட்டுத் திரும்பிப் போனவன். கொழும்பில் இறங்கினான் என்று தெரியும். வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

"இவனையும் அப்பிடித் துலைக்க என்னாலை ஏலாது. நீர் வாயைத் திறக்கக்கூடாது" என்றார் என்னிடம்.

அதன்பிறகு நாங்கள் நடித்தோம். எப்படி என்று கேட்டால் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. ஒரே வீட்டுக்குள் அவன் இல்லாத இடமாகப் பார்த்து இருந்தோம். அவன் குளித்துவிட்டு வந்தால் நான் சமையலறைக்குப் போவேன். அவன் சமையலறைக்கு வந்தால் பெரியண்ணைக்கு நித்திரை வந்துவிடும். முன்பெல்லாம் ஞாயிறு பின்னேரம் மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட ஒரு மணித்தியாலம் கிடைக்கும். அதுவும் நின்றுபோயிற்று. அவனுக்குக் காரணம் தெரியாது. ஒருநாள் என்னிடம், "அண்ணை, நான் ஏதும் பிழை விட்டனானோ?" என்று கேட்டான். இல்லையடா, வேலைக் களைப்பு என்றேன்.

அந்த நாட்களில்தான் அவனுக்குத் தெரிந்த ஒருவர் ஊருக்குப் போக வெளிக்கிட்டார். அவர் கையில் கொடுத்துவிட தம்பி தாய்க்கு ஒரு கசற் பதிவு செய்தான். கடிதம் எழுதுவதைவிட அப்போது பலர் அப்படித்தான் செய்தார்கள், குரலைக் கேட்கலாம் அல்லவா. சின்ன ரேடியோவை மேசையில் வைத்து, சிவப்புப் பொத்தானை அமத்திவிட்டு, அவன் தாயோடு கதைத்தான். இஞ்சை குளிர் குறைஞ்சிட்டுதம்மா, கையுறை வாங்கிட்டன், பல்லுக்கு மருந்து எடுத்தனீங்களோ, ஆட்டுக்குட்டி எத்தினை போட்டது. நான் மறுபக்கம் திரும்பிச் சட்டைக்கு மின்னழுத்தி போட்டுக்கொண்டிருந்தேன். முடிவில் அவன் எங்களைக் கூப்பிட்டான். தன்னோடு இருப்பவர்கள் நல்ல ஆட்கள் என்று தாய் நம்ப வேண்டுமாம். ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னான்.

பெரியண்ணை முதலில் கதைத்தார். குரல் நடுங்கவில்லை. "அம்மா, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. பொடியன் எங்களோடை எங்கட பிள்ளை மாதிரி. நீங்கள் உடம்பைப் பாருங்கோ" என்றார். பிறகு ரேடியோ என் பக்கம் வந்தது. அந்தச் சில்லு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செத்துப்போன ஒரு தாயிடம் என்ன சொல்வது? "அம்மா, அவன் நல்லாச் சாப்பிடுறான்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. தம்பி சிரித்துக்கொண்டே பொத்தானை அமத்தி நிறுத்தினான். "அண்ணைக்கு மைக் கூச்சம்" என்றான்.

அந்தச் சனிக்கிழமை ஒரு நீண்ட நடைபாதைக்கு வக்ஸ் பூசினோம். போர்த்துக்கீசர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னைச் சிரிக்க வைக்கிறேன் என்று, அந்த ஆட்சியாளரின் முடிவைச் சொல்லத் தொடங்கினார். அவருக்கு அது பெரிய பகிடி.

அந்த ஆள் கோடையில் கடற்கரையோரம் ஒரு பழைய கோட்டையில் தங்குவாராம். ஒருநாள் கன்வஸ் கதிரை ஒன்றில் இருக்கப் போனார். கதிரை சரிந்துவிட்டது. தலை கல் நிலத்தில் அடிபட்டது. எழும்பி, ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னார். சில கிழமைகளில் தலைக்குள் இரத்தம் கட்டி, சத்திரசிகிச்சை செய்து, பிறகு வாதமும் வந்து படுத்துவிட்டார். இனிப் பிழைக்கமாட்டார் என்று வேறொருவரைப் பிரதமராக்கினார்கள். ஆனால் அவர் பிழைத்துவிட்டார். கண்ணைத் திறந்தார், கதைத்தார். அவரிடம் போய் நீங்கள் இப்போது பிரதமர் இல்லை என்று சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை. பிரதமரின் அதே வீட்டில் வைத்திருந்தார்கள். பழைய மந்திரிமார் வந்து முன்னால் இருந்து, நாட்டு நடப்பைக் கேட்டால் ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போவார்களாம். தான்தான் ஆளுகிறேன் என்று வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் ஒருவருக்குப் பேட்டியும் கொடுத்தார். ஏறத்தாழ இரண்டு வருடம், சாகும்வரை அப்படி.

"நாடு முழுக்க உண்மையை ஒளிச்சவன். கடைசியிலை அவன்ரை வீட்டுக்கையே அவனுக்கு ஒளிச்சாங்கள்" என்று சொல்லித் தொடையில் தட்டிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயிரக்கணக்கான தாய்மாரை அழவைத்த மனிதர். அவருக்காக நான் இரக்கப்பட வேண்டியதில்லை. ஆனால் எனக்கு அந்த அறைதான் தெரிந்தது. காலில் போர்வை. முன்னால் கதிரையில் மந்திரி. வெளியே போனதும் அந்த மந்திரி என்ன செய்திருப்பார்? தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார். உள்ளே இருந்தவர்தான் அத்தனை பேர் வந்து போயும் ஒருவரும் இல்லாமல் இருந்தார். அந்த மந்திரியின் கதிரையில் நான் என்னைக் கண்டேன். தம்பி சர்வாதிகாரி இல்லை, ஒரு பாவமும் செய்யாத பொடியன். அவனுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று நீலப் பென்சிலோடு இருந்தவர்கள் நாங்கள்.

போர்த்துக்கீசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிப்பை விட்டுவிட்டார். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன். அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைச் சுற்றி வைத்தார். அந்த ஆளுக்கு உண்மை தெரிந்திருக்குமோ என்று கேட்டேன். "தெரியும் எண்டும் சொல்லுவினம். தெரியாது எண்டும் சொல்லுவினம். ஒருத்தரும் அவனைக் கேட்கேல்லை" என்றார். பிறகு எழும்பி வக்ஸ் காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார்.

அப்படியிருந்தும் நான் உடனே சொல்லவில்லை. கேஸுக்குத் திகதி கிட்டத்தானே, முடிந்த அன்றே சொன்னால் அந்தியேட்டிக்கு நாள் இருக்கும் என்று எனக்கு நானே கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கும் பிழைத்தது. மூன்றாம் நாள் தம்பியின் வழக்கறிஞர் ரெலிபோனில் கூப்பிட்டு விசாரணை ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது, புதுத் திகதி மாதக்கணக்கில் பிந்தும் என்று சொன்னார். தம்பி அன்று சந்தோசமாகத்தான் இருந்தான், இன்னும் ஆயத்தப்படுத்தலாம் என்று.

நான் பெரியண்ணையைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். இனியும் ஒளிக்கலாமா என்று கேட்டேன். அவர் சுவரில் சாய்ந்து நின்றார். முகம் கறுத்துப்போயிருந்தது.

"இவ்வளவு நாள் பொறுத்தம். இன்னும் கொஞ்சம் பொறுப்பம்."

"எவ்வளவு காலத்துக்கு அண்ணை?"

"அதை நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார்.

வெள்ளிக்கிழமை எனக்கும் தம்பிக்கும் ஒன்றாக ஓய்வு கிடைத்தது. நான் எழும்பி வரும்போது அவன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, வெளிக்கிட்டு நிற்கிறான். கையில் பிளாஸ்ரிக் பையில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை. கேஸ் நல்லபடி முடிய அருச்சனையோ என்றேன். இல்லை, அம்மாவின் பெயருக்கு என்றான். அடுத்த கிழமை அம்மாவின் நட்சத்திரம் வருகிறது, அன்றைக்கு வேலை, அதனால் இன்றைக்கே செய்யப்போகிறேன் என்றான். தாயின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, நீண்ட ஆயுள் கொடு என்று ஐயர் கேட்பார். உங்களுக்குத் தெரியும், சாவு வீட்டுத் துடக்கு என்கிற தீட்டு முடியும்வரை எங்களுடைய ஆட்கள் கோயில் வாசலை மிதிப்பதில்லை. அவன் துடக்கோடு போய், செத்த தாய்க்கு ஆயுள் கேட்கப் போகிறான்.

நானும் வருகிறேன் என்று சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு அவனோடு இறங்கினேன். லிப்டில் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த மாடியிலேயே ஆட்கள் ஏறினார்கள். தெருவில் இறங்கினோம். சப்வேக்குப் போகிற வழியில் பஸ் நிற்கிற இடத்தில் ஆட்கள் குந்துகிற வாங்கு ஒன்று இருந்தது. அதைத் தாண்டினால் ரெயிலுக்குள் ஏறிவிடுவோம், பிறகு என்னால் ஏலாது.

"தம்பி, கொஞ்சம் இரு" என்றேன்.

இருந்தான். பையை மடியில் வைத்துக்கொண்டான்.

"அம்மா போட்டாவடா."

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பஸ் வந்து, கதவைத் திறந்து, நாங்கள் ஏறாததால் மூடிக்கொண்டு போனது.

"எப்ப?" என்று கேட்டான். சொன்னேன். அவன் விரலை மடித்து நாள் எண்ணினான். கசற் பதிவு செய்த நாளுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. என்னை ஏறிட்டுப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பிறகு பையைத் தூக்கி வாங்கில் என் பக்கத்தில் வைத்தான். "இதை நான் இனித் தொடக்கூடாது அண்ணை. நீங்கள் கொண்டுபோய்க் குடுங்கோ" என்றான். நெற்றித் திருநீற்றைப் புறங்கையால் துடைத்தான். அதைத் துடைக்கும்போதுதான் அழுகை வந்தது.

அன்று வீட்டில் பெரியண்ணை என்னோடு கதைக்கவில்லை. அதற்குப் பிறகும் பல மாதம் தேவைக்கு மட்டும்தான் கதைத்தார். ஆனால் அந்தியேட்டிக்கு ஐயரைத் தேடிப் பிடித்தவர் அவர்தான். சாமான் எல்லாம் வாங்கி, எது எதில் கட்ட வேண்டும் என்று பார்த்துக் கட்டியதும் அவர். சலூன்காரரிடம் தலையை முழுக்க மழிக்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினதும் அவர். நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. நான் வரமுடியாது என்று போர்த்துக்கீசரிடம் சொல்ல, என் பங்கு நிலத்தையும் அவர் தனியே செய்தார்.

தம்பி திரும்பிப் போகவில்லை. அடுத்த வருடம் கேஸ் நடந்தது, ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு முன்பே நகரத்துக்கு வெளியே பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். என்னோடு கோபித்துக்கொண்டு போகவில்லை. தைப்பொங்கலுக்கு ரெலிபோன் எடுப்பான். ஆனால் அவன் போன பிறகு அந்த வீட்டில் நானும் பெரியண்ணையும் ஒருவருக்கொருவர் சத்தம் போடாமல் கதவைச் சாத்தப் பழகிக்கொண்டோம். நீங்கள் வரும்வரை அப்படித்தான்.

நான் செய்தது சரியா என்று இன்றைக்கும் முழுதாகச் சொல்ல எனக்குத் தெரியாது. அந்தியேட்டி அன்று நடந்ததை மட்டும் எழுதி முடிக்கிறேன்.

ஏரிக்கரையில் காற்று அடித்தது. நாங்கள் நான்கு பேர்தான், ஐயரோடு சேர்த்து. சற்றுத் தள்ளி நாயோடு நடக்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். தம்பி வேட்டியோடு முழங்கால்வரை தண்ணீரில் இறங்கினான். குளிரில் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது, ஆனால் ஐயர் சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் திருப்பிச் சொன்னான். தாயின் பெயரை மட்டும் சத்தமாகச் சொன்னான். பெரியண்ணை துவாயை விரித்துப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றார். அவன் ஏறியதும் அவரே தலையைத் துவட்டிவிட்டார்.

எல்லாம் முடிந்து, ஐயரும் பெரியண்ணையும் சாமான்களோடு முன்னால் போனார்கள். தம்பி கல்லில் குந்திச் சப்பாத்துக் கட்டினான். மழித்த தலை வெள்ளையாக இருந்தது. நான் பக்கத்தில் நின்றேன். இனி நீ தனித்துப் போனாய் என்று நினைக்காதே, நாங்கள் இருக்கிறோம் என்று ஏதோ சொன்னேன். அப்படியான நேரத்தில் எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன்.

அவன் கயிற்றை இறுக்கிக் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"இல்லை அண்ணை. தனிய இருந்தது இப்ப இல்லை. உந்த வீட்டிலை, நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டும் நடக்காத மாதிரி நிண்ட நாளுகளிலைதான் நான் தனிய இருந்தனான். எனக்குத்தான் அது தெரியாமல் இருந்தது."

கோபமாகச் சொல்லவில்லை. எழும்பி, கம்பளித் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டான். பின்னேரம் அவனுக்கு வேலை இருந்தது. நாங்கள் சப்வே வரைக்கும் ஒன்றாக நடந்தோம்.